பதிப்பு மூன்று, திருத்தம் பேனாவில்

டண்டீயில் மே மாதத்து இரவு
பத்து மணிக்கும் முழுதாய் இருட்டுவதில்லை.
சமையலறை மேசையில்
பள்ளிக்கூடக் கூரைக்கு
அபாய மதிப்பீடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.
தயாரித்தவர்: இஷ்பெல் ரென்னி.

தயாரித்தவர் என்பது பெரிய வார்த்தை.
போன மாதம் ஆர்ப்ரோத் நீச்சல்குளத்துக்கு எழுதியதைத் திறந்து
பெயரை மாற்றினேன், தேதியை மாற்றினேன்.
நான்காம் வரிசையில்
'நீரில் மூழ்கும் அபாயம்' அப்படியே கிடந்தது.
மூன்று மாடிக்கு மேலே
ஓடு மாற்றப் போகிறவர்களுக்கு
ஒரு மிதவை வளையம்.
சிரித்தேன். அழித்தேன்.
கெட்டிலை வைத்த பிறகுதான் உறைத்தது:
வேறெந்த வரி
இப்படி அடுத்த வீட்டிலிருந்து வந்து
சிரிப்பு மூட்டாமல் உட்கார்ந்திருக்கிறதோ?

எங்கள் கணக்கு எளிது.
நேரும் வாய்ப்பு, ஒன்று முதல் ஐந்து.
நேர்ந்தால் எவ்வளவு மோசம், ஒன்று முதல் ஐந்து.
பெருக்கு.
ஆறு வரை பச்சை, பன்னிரண்டு வரை மஞ்சள்,
அதற்கு மேல் சிவப்பு;
சிவப்பில் யாரும் ஏணியில் கால் வைக்கக்கூடாது.
மோசத்தில் ஒன்று என்றால் ஒரு பிளாஸ்திரி.
மூன்று என்றால் ஒரு வாரச் சம்பளம் போகும்.
ஐந்துக்கு எதிரே
ஒரே ஒரு சொல் அச்சாகியிருக்கும்.
அதைச் சுண்டுவிரலால் மறைத்துக்கொண்டுதான்
பெருக்குவது என் வழக்கம்.

கூரை விளிம்பு: ஈரைந்து பத்து.
சாரத்துக்கு இடுப்பளவு கம்பி கட்டினால் ஓரைந்து ஐந்து.
ஓடு அறுக்கும் தூசி: முந்நான்கு பன்னிரண்டு.
தண்ணீர் தெளித்து அறு, முகமூடி போடு: எட்டு.
கடற்காகம்: புகைபோக்கியடியில் கூடு, மூன்று முட்டை.
கூட்டைத் தொடச் சட்டம் விடாது.
குனிந்தவன் மண்டையை அது விடாது.
வாய்ப்பு ஐந்து, மோசம் ஒன்று.

காலை ஏழரை. கன்டெய்னர் அறை, ஈரக் கோட்டு வாசம்.
வாசித்தேன்.
ஆறு பேரும் பாதிக் காதால் கேட்டார்கள்,
மீதிக் காதில் நேற்றைய ஆட்டம்.
காகிதத்தில் கையெழுத்துக்கு ஒரு கட்டம் உண்டு;
மற்றதெல்லாம் தலையெழுத்து என்பதுபோல
ஃபெர்கஸ் படிக்காமலே போட்டார்.

ரிமாண்டஸ் மட்டும்
வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினான்.
இரண்டு சரிவுக்கும் நடுவே தட்டையான தார்ப்பகுதி,
நான் பச்சைக் கோடு போட்டிருந்த இடம்,
'பாதுகாப்பான நடைவழி'.
அதில் விரலை வைத்தான்.
"இங்கே கண்ணாடி இருக்கு."
"இல்லை. போன வாரம் மேலே ஏறிப் பார்த்தேன்."
"மேலேயிருந்து தெரியாது. ஒழுகுதுன்னு தார் பூசினாங்க.
பூசினது நான்."

இசை வகுப்பறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தோம்.
விட்டத்துக்கிடையே மூன்று கறுப்புச் சதுரம்.
ஒன்றின் ஓரத்தில் தூரிகை தவறிய கீற்று,
அதில் ஒரு விரற்கடை வானம்.
கீழே குட்டி நாற்காலிகள், ஒரு சைலஃபோன்.
ஃபெர்கஸ் தொப்பியைக் கழற்றினார்,
திரும்பப் போட்டுக்கொண்டார்.

அறையில் பிரின்டருக்கு மை இல்லை.
பேனாவால் எழுதினேன்.
ஏழாம் வரிசை: நொறுங்கும் மேற்பரப்பு.
ஆறு பேர், ஒன்பது நாள், தோளில் ஓட்டுக் கட்டு,
கண்ணாடி மேல் நான் வரைந்த வழி.
ஐயைந்து இருபத்தைந்து.
இந்த முறை சுண்டுவிரல்
அந்தச் சொல்லின் மேல் போகவில்லை.
படித்தேன்.

கீழே வலை, மேலே பலகை, சுற்றிலும் தடுப்பு.
லாரிக்கு வாடகை ஏறுகிறதென்று
பன்னிரண்டு மணி வரை ஃபெர்கஸ் முணுமுணுத்தார்.
மறுபடி கையெழுத்து.
எல்லோரும் ஏழாம் வரிசையை மட்டும் படித்தார்கள்;
மற்ற ஆறும் இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன.

ஒரு மணிக்கு ஏணியைத் திறந்துவிட்டோம்.
முதலில் ஏறியவன் ரிமாண்டஸ்.
புகைபோக்கியைத் தாண்டுமுன்
அவன் தலைக்கவசத்தில் டொக்கென்று ஒரு கொத்து.
கடற்காகத்துக்கு மட்டும்
நான் போட்ட எண் சரியாக இருந்தது.